பெட்லிங் கொட்டகையில் ஆறு எக்ஸாஸ்ட் பேன் போட்டும் தூசி அடங்கவில்லை: எந்த முகமூடி வாங்கலாம்?

உருக்குமனை | திங்கள், இரவு 9.40

வணக்கம். கோவைக்கு வடக்கே சிறிய பவுண்டரி (இரும்பு வார்ப்பாலை) நடத்துகிறேன். அப்பா தொடங்கியது, இப்போது என் தலையில். பம்ப் உறை, மோட்டார் பாடி, கொஞ்சம் வால்வு காஸ்டிங் (வார்ப்பு). பச்சை மணல் மோல்டிங் (ஈர மணலில் அச்சு), இன்டக்‌ஷன் பர்னஸ் (மின் உருக்கு உலை). மொத்தம் 34 பேர். அதில் பெட்லிங்கில் (வார்ப்பில் ஒட்டிய மணலையும் பிசிறையும் தேய்த்து எடுக்கும் வேலை) மட்டும் 11 பேர்.

சிக்கல் அந்த பெட்லிங் கொட்டகையில்தான். நான்கு பெடஸ்டல் கிரைண்டர், ஐந்தாறு கை கிரைண்டர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மேற்குச் சுவரில் ஆறு பெரிய எக்ஸாஸ்ட் பேன் போட்டேன். சத்தம் கூடியது, மின்கட்டணம் கூடியது. நண்பகலில் கூரையின் கண்ணாடித் தகடு வழியே வெயில் விழும்போது பார்த்தால் அந்த ஒளியில் தூசி மட்டும் முன்பு போலவே மிதக்கிறது.

இப்போது வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் தூசி அளவு அறிக்கை கேட்கிறார். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அப்பா காலத்திலிருந்து இருக்கும் ஒரு பெரியவர் ஓயாமல் இருமுகிறார். இரண்டு முறை காசநோய் மருந்து சாப்பிட்டு முடித்துவிட்டார். என் கேள்விகள் இரண்டு: எந்த முகமூடி நல்லது? இன்னும் இரண்டு பேன் சேர்த்தால் போதுமா?

குழாய்க்கணக்கு | திங்கள், இரவு 10.25

முகமூடிக்குப் பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒரு தாளில் கிரைண்டரை வரையுங்கள். அதன் முன் நிற்கும் ஆளை வரையுங்கள். பிறகு உங்கள் மேற்குச் சுவர் பேனை வரையுங்கள். கிரைண்டருக்கும் பேனுக்கும் நடுவில் ஆள் நிற்கிறாரா? நின்றால், தூசியை அவர் மூக்கு வழியாக இழுத்துக்கொண்டு போவதற்குத்தான் நீங்கள் மின்கட்டணம் கட்டுகிறீர்கள்.

விளக்கை ஊதி அணைக்கலாம். உறிஞ்சி அணைத்தவரைப் பார்த்திருக்கிறீர்களா? ஊதும் காற்று ஒரே திசையில் நெடுந்தூரம் பாயும். உறிஞ்சும் காற்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதால் ஓரடி தள்ளினாலே அதன் பிடி போய்விடும். கணக்கு இதோ. 150 மி.மீ. குழாயின் வாயில் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் காற்று உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயிலிருந்து 150 மி.மீ. தள்ளி அந்த வேகம் ஏறக்குறைய 1.4 மீட்டர். 300 மி.மீ. தள்ளினால் 0.4 கூட இல்லை. கிரைண்டிங் கல் தூசியை எறியும் வேகத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். முப்பதடி தூரத்துச் சுவரில் இருக்கும் பேன் அந்தத் தூசியைப் பிடிக்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

ஆகவே இன்னும் இரண்டு பேன் வேண்டாம். கல்லைச் சுற்றி ஹூட் (உறிஞ்சு குழாயோடு இணைந்த மூடி) போடுங்கள். பொறி பறக்கும் திசையிலேயே ஹூட்டின் வாய் இருக்க வேண்டும். அப்போது கல்லே தூசியை உங்களுக்காக உள்ளே எறிந்துவிடும். வேலை செய்ய எவ்வளவு திறப்பு தேவையோ அதற்கு மேல் ஒரு விரற்கடை கூடத் திறந்திருக்கக் கூடாது.

பழைய ஆய்வாளர் | செவ்வாய், காலை 6.10

குழாய்க்கணக்கு சொல்வது புதிய கண்டுபிடிப்பு அல்ல. நான் பணியில் இருந்த காலத்தில் கையில் பிடித்திருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அதையேதான் சொன்னது. தூசி, புகை, பிற மாசு வெளிவந்தால் அதை மூச்சில் இழுக்காமலும் அறையில் சேராமலும் தடுக்க வேண்டும்; உறிஞ்சு கருவி தேவைப்பட்டால் அது தூசி பிறக்கும் இடத்துக்கு முடிந்தவரை அருகில் இருக்க வேண்டும்; அந்த இடம் முடிந்தவரை மூடப்பட்டிருக்கவும் வேண்டும். பிறக்குமிடம் என்ற சொல்லைக் கவனியுங்கள். சுவர் என்று அதில் எங்கும் இல்லை.

ஆனால் ஆய்வுக்குப் போன இடமெல்லாம் எனக்குக் காட்டியவை சுவர் பேன்கள்தான். "ஐயா, எட்டு இருக்கிறது, பத்து இருக்கிறது" என்று எண்ணிக்கை சொல்வார்கள். நானும் தொடக்கத்தில் எண்ணிக் குறித்துக்கொண்டு வந்தவன்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

போபால் நச்சுவாயு விபத்துக்குப் பிறகு, 1987இல் வந்த திருத்தத்தில் ஆபத்தான செயல்முறைகளின் பட்டியல் சேர்ந்தது. பவுண்டரியும் வார்ப்புகளை மணலோ இரும்புச் சிறுகுண்டோ அடித்துச் சுத்தம் செய்வதும் அந்தப் பட்டியலில் இருந்தன. "நாங்கள் சின்ன இடம்" என்று சொல்வோருக்காக இதை எழுதுகிறேன்.

கணக்கப்பிள்ளை | செவ்வாய், காலை 8.55

எல்லாம் சரி, காசு யார் கொடுப்பது? நானும் ஜாப் ஒர்க் எடுக்கிற பவுண்டரிதான் வைத்திருக்கிறேன். கிலோவுக்குப் பேசும் விலையில் பத்துக் காசுக்கு வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டுகிறோம். ஹூட், டக்ட் (காற்றுக்குழாய்), பேக் பில்டர் (தூசியை வடிகட்டும் பை), புளோயர் (காற்றை இழுக்கும் விசிறி) என்று அடுக்கினால் கொட்டகையின் விலையே வந்துவிடும். எங்கள் தாத்தா 40 ஆண்டு மணலிலேயே கிடந்தார். 82 வயது வரை இருந்தார். இந்தச் சட்டங்கள் பெரிய கம்பெனிகளுக்காக எழுதியவை. நல்ல முகமூடி வாங்கிக் கொடுங்கள், போதும்.

நெஞ்சக மருத்துவன் | செவ்வாய், பிற்பகல் 2.15

உங்கள் தாத்தாவைப் பற்றி மகிழ்ச்சி. அவரோடு வேலை பார்த்து 45 வயதில் ஊருக்குத் திரும்பியவர்களைப் பற்றி யாராவது கணக்கு வைத்திருந்தார்களா? என் அறைக்கு வருகிறவர்கள் அவர்கள்தான்.

கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், துப்பிவிடலாம். நுரையீரலின் காற்றறை வரை போவது ஏறக்குறைய 5 மைக்ரானுக்கும் குறைவானது. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1 மைக்ரான் மணல் துகள் அசைவற்ற காற்றில் தலை உயரத்திலிருந்து தரையிறங்க ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே கிரைண்டரை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவரும் அதைத்தான் இழுக்கிறார்.

மணலில் உள்ள சிலிக்கா துகளை விழுங்கும் நுரையீரல் அணுக்கள் அதைச் செரிக்க முடியாமல் தாமே சாகின்றன. அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. அந்தத் தழும்புதான் சிலிகோசிஸ். தூசி குறைவாக இருந்தால் பத்து ஆண்டுக்கு மேல் கழித்து வெளிப்படும். மிக அதிகமாக இருந்தால் ஓரிரு ஆண்டிலேயே வரும். வந்த தழும்பை ஆற்ற மருந்து இல்லை. தூசியை விட்டு விலகிய பிறகும் அது வளரலாம். 1997இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை படிகச் சிலிக்காவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகையில் சேர்த்தது.

உருக்குமனை, அந்தப் பெரியவரின் காசநோய்க் கதை என்னை உறுத்துகிறது. சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் தொற்றும். அதுபோலவே சிலிகோசிஸ் எக்ஸ்ரேயைக் காசநோய் என்று தவறாகப் படிப்பதும் நம் ஊரில் சாதாரணம். "என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை ஆண்டாக?" என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை அவர் மருத்துவரிடம் போகும்போது இந்த ஒரு வரியைத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்: "இன்ன ஆண்டு முதல் வார்ப்புகளைக் கிரைண்டிங் செய்கிறார், மணல் தூசி." சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் இரண்டும் வேண்டும்.

பஞ்சாலைப் பெண் | செவ்வாய், மாலை 7.30

எங்கள் அம்மா இராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் கார்டிங் (பஞ்சைச் சிக்கெடுக்கும்) பிரிவில் 19 ஆண்டு இருந்தார். தூசி என்றால் எங்களுக்குப் பஞ்சுத் தூசி. ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கள்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும்; வார நடுவில் குறையும். அதனால் நோய் என்றே நினைக்கவில்லை. திங்கள்கிழமைச் சோம்பல் என்று மேஸ்திரி கேலி செய்வார். பிசினோசிஸ் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பது அம்மாவுக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும்.

மருத்துவரிடம் ஒரு கேள்வி. ஆலையில் மாலையில் வெல்லமும் வாழைப்பழமும் கொடுப்பார்கள். வாழைப்பழம் பஞ்சைக் கொண்டுபோய்விடும் என்று அம்மா இன்றைக்கும் நம்புகிறார். உண்மையா?

நெஞ்சக மருத்துவன் | செவ்வாய், இரவு 9.05

வாழைப்பழம் போவது இரைப்பைக்கு; தூசி போவது நுரையீரலுக்கு. இரண்டும் தொண்டையிலேயே பாதை பிரிந்துவிடுகின்றன. தொண்டையில் ஒட்டியது இறங்கும், அவ்வளவுதான்.

வெல்லம் குறித்து மட்டும் ஓர் ஆய்வு உண்டு. லக்னோவில் தொழில் நச்சியல் ஆய்வு மையத்தில் எலிகளுக்கு வெல்லம் கொடுத்துப் பார்த்தார்கள், 1994இல் வெளிவந்தது. எலிகளின் நுரையீரலிலிருந்து துகள்கள் வெளியேறுவது கூடியதாகக் கண்டார்கள். அது எலி. அதை வைத்துக்கொண்டு மனிதர்களுக்கு ஹூட்டுக்குப் பதிலாக வெல்லம் கொடுக்க முடியாது. அம்மா வாழைப்பழத்தைத் தாராளமாகச் சாப்பிடட்டும், பழம் நல்லதுதானே.

பெட்லிங் கை | புதன், அதிகாலை 5.20

நான் முதலாளி இல்லை. பெட்லிங்கில் ஒன்பது ஆண்டாக வேலை செய்கிறேன். வேறு ஓர் இடத்தில். இழையை நேற்று முழுக்கப் படித்தேன்.

முகமூடி போடவில்லை, தாடையில் தொங்கவிடுகிறான் என்று எல்லா முதலாளிகளும் சொல்கிறார்கள். ஏப்ரல் மாதம் தகரக் கொட்டகையில் ஒரு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு கிரைண்டர் பிடித்துப் பாருங்கள். வியர்வையில் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்ளும், மூச்சு வராது. எங்களுக்குக் கூலி எண்ணிக்கைக்கு. மூச்சு வாங்க நின்றால் எண்ணிக்கை குறையும். ஆறு நாளைக்கு ஒரு முகமூடி கொடுப்பார்கள். இரண்டாம் நாளே உள்பக்கம் கறுத்துவிடும்.

இன்னொன்று. வெக்கைக்காக ஒவ்வொரு கிரைண்டர் பக்கத்திலும் ஒரு பெரிய பேன் நிற்கும். என் தூசி பக்கத்துக்காரன் முகத்தில், அவன் தூசி என் முகத்தில். சாயங்காலம் கம்ப்ரசர் குழாயால் ஒருவரையொருவர் தட்டிவிட்டுக் கிளம்புவோம். சட்டை சுத்தமாகிவிடும். இந்த இழையைப் படித்த பிறகுதான் அந்தத் தூசி எங்கே போனது என்று யோசித்தேன்.

குழாய்க்கணக்கு | புதன், காலை 7.45

தம்பி, இந்த இழையிலேயே பயனுள்ள பதிவு உங்களுடையதுதான். என்னைப் போன்றவர்கள் எவ்வளவு அழகாக ஹூட் செய்து வைத்தாலும் பக்கத்தில் நிற்கும் அந்தப் பேன் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். வெக்கைக்கு வேறு வழி வேண்டும்: கூரை முகட்டில் திறப்பு, மேலிருந்து மெதுவாக இறங்கும் காற்று. கம்ப்ரசர் காற்றால் உடம்பைத் தட்டுவதை இன்றைக்கே நிறுத்தலாம். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. துடைப்பத்தால் உலர்ந்த தரையைப் பெருக்குவதும் அப்படியே. தரையில் படிந்ததை மறுபடி மூக்குக்கு ஏற்றுகிறோம். நனைத்துப் பெருக்க வேண்டும், அல்லது நுண்வடிகட்டி வைத்த தொழிற்சாலை வேக்குவம் கிளீனர்.

உருக்குமனை, இன்னும் ஒரு படி முன்னால் போங்கள். உங்கள் கிரைண்டருக்கு வரும் காஸ்டிங்கில் மணல் ஒட்டியிருக்கிறதா? இரும்பைத் தேய்ப்பதால் வரும் தூசி வேறு. ஒட்டிய மணலைத் தேய்ப்பதால் வருவதில்தான் சிலிக்கா. ஷாட் பிளாஸ்டில் (இரும்புச் சிறுகுண்டு அடித்து) மணலை முழுக்க இறக்கிவிட்டுக் காஸ்டிங்கை பெட்லிங்குக்கு அனுப்பினால் பாதிப் போர் அங்கேயே முடிந்துவிடும். பல பவுண்டரிகளில் அவசரம் என்று வரிசையை மாற்றிவிடுகிறார்கள்.

உருக்குமனை | புதன், இரவு 10.50

மாற்றியிருக்கிறோம். அவசர ஆர்டர் என்றால் நேரே கிரைண்டருக்கு வந்துவிடுகிறது. அவசரமில்லாத ஆர்டர் எங்களிடம் எப்போது இருந்தது?

குழாய்க்கணக்கு தனிச்செய்தியில் சொன்ன சோதனையை இன்றிரவு செய்தேன். எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, சக்தியுள்ள ஒரு டார்ச்சை கிரைண்டருக்குப் பின்னால் வைத்து, ஒளி நேராகக் கண்ணில் விழாமல் ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு, ஒளி வரும் திசையை நோக்கிச் சற்றுக் கோணலாக நின்று பார்த்தேன். சாதாரண வெளிச்சத்தில் தெரியாத நுண்தூசி அப்போது புகைபோல் தெரிகிறது. பொறி கீழே போகிறது, தூசி போகவில்லை. கல்லைச் சுற்றிக்கொண்டு மேலே வந்து, கிரைண்டர் பிடித்தவரின் மார்பில் மோதி, தாடை வழியாக ஏறி, அவர் முகத்தைச் சுற்றி நின்றது. ஆறு பேனும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கைப்பேசியில் படமெடுத்து அப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

தீப்பொறி | வியாழன், பிற்பகல் 1.00

வெல்டர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. திருச்சிக்காரன், பாய்லர் உதிரிபாக வேலை, பிறகு சிங்கப்பூர்க் கப்பல் தளத்தில் ஏழு ஆண்டு.

வெல்டிங் புகை தூசியைவிட நுண்ணியது. பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் கீழே. 2017இல் அதே புற்றுநோய் ஆய்வு முகமை வெல்டிங் புகையையும் முதல் வகைக்கு மாற்றியது. அதைத் தொடர்ந்து 2019இல் பிரிட்டனின் பாதுகாப்பு நிர்வாகம், சாதாரண இரும்பு வெல்டிங்குக்குக்கூட ஜன்னல் திறந்திருந்தால் போதும் என்பதை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஆறு இணைதிறன் குரோமியம் வரும், அது தனிக் கொடுமை. துத்தநாகம் பூசிய தகட்டில் வெல்டிங் செய்தால் மாலையில் குளிர்க்காய்ச்சல், காலையில் போய்விடும். எங்கள் மூத்தவர்கள் "பால் குடி, சரியாகும்" என்பார்கள். பால் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் காலையில் போய்விடும். பூச்சை முன்கூட்டியே தேய்த்து எடுத்தால் காய்ச்சலே வராது. அதை ஒருவரும் சொல்லித்தரவில்லை.

சிங்கப்பூரில் தொட்டிக்குள் இறங்கும் முன் காற்றை அளந்து சீட்டு எழுதாமல் விடமாட்டார்கள். உறிஞ்சு குழாயின் வாயை வெல்டிங் புள்ளிக்கு ஓரடிக்குள் வைத்து, தைக்கத் தைக்க நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஊருக்கு வந்து ஒரு சிறு பட்டறையில் சேர்ந்ததும் முதல் நாளே குழாயைத் தேடினேன், சிரித்தார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. தூசி முகமூடி வாயுவை நிறுத்தாது. உருக்குமனை அண்ணன் இரும்பு ஊற்றும்போது அச்சிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

உருக்குமனை | வியாழன், இரவு 9.15

ஊற்றும் நாளில் தலைவலி என்று சிலர் சொல்வது இப்போது நினைவுக்கு வருகிறது. வெக்கை என்று நினைத்திருந்தேன். ஓர் எச்சரிக்கை மீட்டர் சொல்லிவைத்திருக்கிறேன்.

குழாய்க்கணக்கு, நான்கு பெடஸ்டலுக்கும் சேர்த்து எவ்வளவு பெரிய புளோயர் வேண்டும்? கணக்கப்பிள்ளை கேட்ட கேள்வியைத்தான் அப்பாவும் கேட்கிறார்.

குழாய்க்கணக்கு | வெள்ளி, காலை 6.40

ஒரு கல்லுக்கு வினாடிக்கு 0.35 கன மீட்டர் என்று வைத்தால் நான்குக்கும் 1.4. ஹூட், டக்ட், பில்டர் எல்லாம் சேர்ந்த தடை 200 மி.மீ. நீர்மட்ட அழுத்தம் வரும் என்று கொள்ளுங்கள். புளோயர் திறன் அறுபது விழுக்காடு. ஏழரைக் குதிரைத்திறன் மோட்டார் போதும். முழுச் சுமையில் எட்டு மணி நேரம், மாதம் 25 நாள் ஓடினால் ஏறக்குறைய 1,100 யூனிட். உங்கள் பர்னஸ் ஒரு நாளில் தின்பதைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அப்பாவுக்கு அந்தத் தாளையே காட்டலாம். தேவையில்லாத சுவர் பேன்களை நிறுத்தும்போது வரும் மிச்சத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். அவற்றில் இரண்டை மட்டும் விட்டால் போதும். மற்றவை ஹூட்டோடு சண்டை போடும்.

கவனிக்க வேண்டியவை. டக்டில் காற்றுவேகம் வினாடிக்கு 18 மீட்டருக்குக் கீழே போனால் மணல் குழாயிலேயே படியும். "பெரிய குழாயாகப் போடுங்கள், காற்று நன்றாகப் போகும்" என்று தகர வேலைக்காரர் சொல்வார், கேட்காதீர்கள். கிளைக்குழாய் பிரதானக் குழாயில் செங்குத்தாக அல்ல, சாய்வாகச் சேர வேண்டும். பில்டருக்கு முன் பொறி தடுப்பான் கட்டாயம், இல்லாவிட்டால் பை எரியும். பையின் இருபக்க அழுத்த வேறுபாட்டைக் காட்ட நிறநீர் ஊற்றிய யு குழாய் ஒன்றை ஆள் கண்ணில் படும் உயரத்தில் மாட்டுங்கள். முதல் நாள் அளவைச் சுவரில் எழுதி வையுங்கள். வேறுபாடு ஏறிக்கொண்டே போனால் பை அடைத்துவிட்டது. திடீரென்று விழுந்தால் கிழிந்துவிட்டது.

ஒருபோதும் அலுமினியம் காஸ்டிங்கை இந்த ஹூட்டில் தேய்க்காதீர்கள். அலுமினியத் தூசியும் இரும்புப் பொறியும் ஒரே பையில் சேர்வது வெடிமருந்து. 2014 ஆகஸ்டில் சீனாவின் குன்ஷானில் கார்ச் சக்கரங்களை மெருகேற்றும் ஆலையில் அலுமினியத் தூசி வெடித்து 146 பேர் இறந்தார்கள்.

கணக்கப்பிள்ளை | வெள்ளி, காலை 9.30

1,100 யூனிட்டை நானும் கணக்குப் பார்த்தேன். நான் நினைத்ததில் மூன்றில் ஒரு பங்குதான். பேக் பில்டர் விலை மட்டும் இன்னும் தொண்டையில் நிற்கிறது. பார்க்கலாம்.

உருக்குமனை | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு காலை

எழுதத் தாமதம். வேலை பாதி முடிந்திருக்கிறது.

மூன்று பெடஸ்டலுக்கு ஹூட் மாட்டியாகிவிட்டது. உள்ளூர்த் தகர வேலைக்காரர்தான் செய்தார். எச்சரித்தும் கேளாமல் ஒரு கிளையைப் பெரிதாகப் போட்டுவிட்டார். பத்தே நாளில் அது மணலால் அடைத்துக்கொண்டது. கழற்றித் தட்டியபோது கால்வாசிக் குழாய் நிரம்பியிருந்தது. என் ஆட்கள் மூச்சில் போயிருக்க வேண்டியது என்று நினைத்தபோது உடம்பு கூசியது. அதை மாற்றிவிட்டோம்.

மணலோடு எந்தக் காஸ்டிங்கும் கிரைண்டருக்கு வரக்கூடாது என்று விதி வைத்தேன். முதல் வாரம் மூன்று முறை நானே மீறினேன். இப்போது ஷாட் பிளாஸ்ட் கதவின் ரப்பரையும் மாற்றியதில் அங்கே கசிவதும் நின்றிருக்கிறது. கம்ப்ரசர் குழாயின் முனையைக் கழற்றிப் பூட்டிவைத்துவிட்டேன், முணுமுணுப்பு அதிகம்.

அளவெடுத்தோம். சட்டைக் காலரில் சிறு கருவி, இடுப்பில் பம்ப், முழு ஷிப்ட். ஹூட் மாட்டும் முன்: நுரையீரல் வரை போகும் தூசி கன மீட்டருக்கு 2.1 மி.கி., அதில் 18 விழுக்காடு குவார்ட்ஸ் (படிகச் சிலிக்கா). பிறகு: 0.6 மி.கி., குவார்ட்ஸ் 15 விழுக்காடு. நல்லதா, இல்லையா?

பழைய ஆய்வாளர் | ஞாயிறு, முற்பகல்

1948 சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இதற்கு ஒரு சூத்திரம் இருந்தது. குவார்ட்ஸ் விழுக்காட்டோடு 2 கூட்டி, 10ஐ அதனால் வகுக்க வேண்டும். முன்பு உங்கள் எல்லை 0.5, நீங்கள் அதற்கு நான்கு மடங்கில் இருந்தீர்கள். இப்போது எல்லை 0.59; மயிரிழையில் வெளியே நிற்கிறீர்கள்.

ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். 0.6இல் 15 விழுக்காடு என்றால் சிலிக்கா மட்டும் 0.09 மி.கி. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் 2016இல் கொண்டுவந்த விதிப்படி எட்டு மணி நேரச் சராசரி எல்லை 0.05. நுரையீரல் கோவையிலும் கிளீவ்லாந்திலும் ஒன்றுதான். நான்காவது ஹூட்டும் கை கிரைண்டர் மேசையும் முடியட்டும், மறுபடி அளந்து பாருங்கள்.

குழாய்க்கணக்கு | ஞாயிறு, பிற்பகல்

கை கிரைண்டருக்குப் பின்பக்கமும் இருபக்கமும் மூடிய மேசை. பின்சுவரில் உறிஞ்சு பிளவு. ஆள் வெளியே, காஸ்டிங் உள்ளே.

இப்போது முகமூடிக் கேள்விக்கு வருகிறேன். மீதமிருக்கும் அந்த 0.6க்குத்தான் முகமூடி, 2.1க்கு அல்ல. ஐஎஸ் 9473 தரமுத்திரையுள்ள, நுண்துகளை வடிகட்டும் எப்எப்பி2 வகை, மூச்சு வெளியேறும் வால்வு வைத்தது. ஷிப்டுக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்றல்ல. தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது. தம்பி பெட்லிங் கை சொன்னதை நினைவில் வைத்து, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை தூசியில்லாத இடத்தில் அதைக் கழற்றிவிட்டு உட்கார இடைவேளை கொடுங்கள். எண்ணிக்கைக் கூலியை அதற்கேற்பத் திருத்துங்கள்.

உருக்குமனை | ஞாயிறு, இரவு

கூலியைப் பேசிவிட்டேன்.

11 பேருக்கும் எக்ஸ்ரே எடுத்தோம். யாரையும் வேலையைவிட்டு அனுப்பமாட்டேன் என்று முதலில் எழுதிக் கொடுத்த பிறகுதான் வந்தார்கள். இரண்டு பேருடைய படம் சரியில்லை. ஒருவர் அந்தப் பெரியவர். சளியில் காசநோய்க் கிருமி இல்லை. இன்னொருவர் ஒடிசாக்காரர், 33 வயது. இங்கே நான்கு ஆண்டு. அதற்கு முன் கல் உடைக்கும் இடத்தில் எத்தனை ஆண்டு என்று அவருக்கே நினைவில்லை. இருவரையும் தூசியில்லாத பேக்கிங்குக்கு மாற்றினேன். பெரியவர் ஒப்புக்கொண்டார். இளையவர் ஊருக்குப் போகிறேன் என்று நிற்கிறார். என்ன செய்வது?

நெஞ்சக மருத்துவன் | திங்கள், காலை

போவதாக இருந்தால் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். எக்ஸ்ரே படத்தின் அசல் அவரிடம், நகல் உங்களிடம். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்ன வேலை செய்தார் என்று உங்கள் முத்திரையோடு சான்று. இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) எண். சிலிகோசிஸ் அந்தக் காப்பீட்டின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. மருத்துவக் குழு பார்த்து ஊனத்தின் அளவைக் குறித்தால் அவருக்குத் தொகை உண்டு. போகும் முன்பே இங்கே விண்ணப்பித்துவிட்டுப் போவது நல்லது. ஊருக்குப் போனபின் அங்கிருக்கும் மருத்துவருக்கு அவர் இன்னொரு காசநோயாளியாகத்தான் தெரிவார். நோயை உறுதி செய்யும் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். அதற்கு அஞ்சி மறைக்கும் முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் மறைக்கவில்லை.

புகைக்கிறாரா? இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

உருக்குமனை | திங்கள், இரவு

பீடி. சொன்னேன். சிரித்தார். விண்ணப்பம் நாளை எழுதுகிறோம். அதுவரை இருக்கச் சம்மதித்திருக்கிறார்.

பெட்லிங் கை | செவ்வாய், அதிகாலை

அண்ணா, உங்கள் ஹூட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது கல்லில் பக்கக் கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவைத்திருக்கிறார்கள், கவனித்தீர்களா? பெரிய பம்ப் உறையைத் திருப்பும்போது கதவு இடிக்கும். அதனால்தான் கழற்றியிருப்பார்கள். திட்டாதீர்கள்.

உருக்குமனை | செவ்வாய், காலை

போய்ப் பார்த்தேன். உண்மைதான். ஒரு வாரமாகக் கழற்றித்தான் இருக்கிறதாம், என்னிடம் சொல்லத் தயங்கியிருக்கிறார்கள்.

குழாய்க்கணக்கு | செவ்வாய், காலை

கீல் வைத்த மடக்குக் கதவாக மாற்றலாம். உங்களிடம் உள்ள மிகப் பெரிய உறையின் மூன்று அளவுகளையும் போடுங்கள். கிரைண்டர் பிடிப்பவர் அதை எந்தக் கையால் திருப்புகிறார் என்பதையும்.